வெளிறிய பரோலோவும் கறுத்த பார்பேராவும்: இத்தாலியச் சிவப்பு ஒயின்களை அருகருகே வைத்துச் சுவைப்பது எப்படி?

உங்கள் கேள்வி இது: சிங்கப்பூரில் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு மாலை முழுக்க இத்தாலியச் சிவப்பு ஒயின்களை ஒப்பிட்டுச் சுவைக்கப் போகிறீர்கள். எந்தத் திராட்சை ரகங்களை வாங்குவது, எந்த வரிசையில் ஊற்றுவது, எதைக் கவனிப்பது? கூடவே ஒரு வருத்தத்தையும் சொல்லியிருக்கிறீர்கள். போன வருடம் நிறையக் காசு கொடுத்து ஒரு பரோலோ வாங்கினீர்கள். ஊற்றினால் வெளிறிப்போய் இருந்தது. குடித்தால் வாய் வறண்டு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஏமாந்துவிட்டோமோ என்று இன்னும் சந்தேகம்.

ஏமாறவில்லை. பரோலோ அப்படித்தான் இருக்கும். நான் பத்து வருடத்துக்கும் மேலாக இத்தாலியின் துரினில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம், பரோலோ விளையும் ஆல்பாவுக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் மேசைக்கு மேசை ஒயின் ஊற்றும் வேலை பார்த்தேன். முதல்முறை பரோலோ குடிக்க வந்த வெளியூர்க்காரர்கள் பலர் கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு இதையேதான் கேட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒயின் குறிப்புகளைப் படித்தால் செர்ரி, ராஸ்பெர்ரி, வயலெட் பூ என்று வாசனைப் பட்டியல் நீளும். நம்மில் பலர் வயலெட் பூவை மோந்து பார்த்ததே இல்லை. முதல் மாலைக்கு அந்தப் பட்டியல் வேண்டாம். இத்தாலியச் சிவப்பு ஒயின்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவதில் முதலிடம் புளிப்புக்கும் துவர்ப்புக்கும்தான். இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்தவர்கள் நாம். வாழைப்பூ, நாவற்பழம், பாக்கு என்று சின்ன வயதிலிருந்தே நாக்குக்கு அது பழக்கம். ஒரு பரோலோவைக் குடித்துவிட்டு ‘துவர்க்கிறது’ என்று ஒரே சொல்லில் நாம் சொல்லிவிடலாம். அந்தச் சொல் சரியான சொல்லும்கூட.

ஆனால் புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து வரும்போது குழம்பும். பிரிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு வாய் எடுத்து, பத்து நொடி வாய் முழுக்கச் சுழற்றி, துப்பிவிட்டுச் சும்மா இருங்கள். தாடையின் இரண்டு ஓரத்திலும் எச்சில் ஊறி வந்தால் அது புளிப்பின் வேலை. மாங்காயை நினைத்தாலே ஊறுமே, அதே ஊற்று. அப்புறம் நாக்கை மேல் ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவே ஓட்டிப் பாருங்கள். வழுக்காமல் சொரசொரவென்று மாட்டினால் அது துவர்ப்பு. திராட்சையின் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் வரும் டானின், எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. எச்சிலின் வழவழப்பு போவதால்தான் வாய் வறண்ட மாதிரி இருக்கிறது. பால் ஊற்றாத கடுந்தேநீரும் இதையே செய்கிறது. பால் ஊற்றியதும் டானின் பாலின் புரதத்தைப் பிடித்துக்கொள்ள, வாய் தப்பிக்கிறது. இந்தத் தேநீர் விஷயம் சாப்பாட்டுக்கு வரும்போது மறுபடி தேவைப்படும்.

கடையில் நிற்கும்போது இன்னொரு குழப்பம் வரும். இத்தாலிய பாட்டில்களில் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் இருக்கும். திராட்சையின் பெயர் இருக்காது. பரோலோ, பார்பரெஸ்கோ என்றால் உள்ளே இருப்பது நெபியோலோ மட்டும். புருனெல்லோ தி மொந்தல்சீனோ என்றால் சஞ்சோவேசே மட்டும். கியாந்தி கிளாசிகோவில் குறைந்தது 80 சதவீதம் சஞ்சோவேசே இருக்க வேண்டும். மொந்தேபுல்சானோ என்ற பெயர் மட்டும் எல்லோரையும் தடுமாற வைக்கும். டஸ்கனியில் அந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பேர்போன ஒயின் சஞ்சோவேசேயில் செய்வது. அட்ரியாடிக் கடலோரத்து அப்ரூட்சோவிலோ அதே பெயரில் ஒரு திராட்சை ரகம் இருக்கிறது. நிறம் அடர்த்தி, பழச்சுவை தாராளம். இரண்டுக்கும் உறவே கிடையாது. ‘மொந்தேபுல்சானோ தாப்ரூட்சோ’ என்று இருந்தால் திராட்சை, ‘வினோ நோபிலே தி மொந்தேபுல்சானோ’ என்று இருந்தால் ஊர்.

இத்தாலியில் சட்டப்படி பயிரிடக்கூடிய ஒயின் திராட்சை ரகங்கள் 500-க்கும் மேல். ஆறு பாட்டிலில் அதையெல்லாம் அடக்க முடியாது, அடக்கவும் வேண்டாம். நான் சொல்வது மூன்று ஜோடி. ஆளுக்கு இரண்டு கிளாஸ். ஒவ்வொரு ஜோடியும் ஒரே நேரத்தில் மேசைக்கு வரட்டும். தனியாக ஒரு ஒயினைக் குடித்துவிட்டுப் புளிப்பு அதிகமா குறைவா என்று சொல்வது கஷ்டம். பக்கத்தில் இன்னொன்று இருந்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும், குழந்தைக்கு ஒயின் கொடுக்கக் கூடாது என்பதைத் தவிர.

முதல் ஜோடி பார்பேராவும் கியாந்தி கிளாசிகோவும்.

பார்பேரா, துரின் இருக்கும் வடமேற்கு இத்தாலியப் பகுதியான பியெமொந்தேயின் தினசரி ஒயின். உணவகத்தில் மதியம் சாப்பிட வரும் திராட்சைத் தோட்டக்காரர்கள், தங்கள் வீட்டிலேயே பரோலோ செய்பவர்கள்கூட, கேட்பது ஒரு குடுவை பார்பேராதான். நிறம் கறுப்புக்குப் பக்கத்தில் போகும். கிளாஸின் அடியில் விரலை வைத்தால் தெரியாது. பார்க்கும்போது இது முரட்டு ஒயின் என்று தோன்றும். வாயில் வைத்தால் துவர்ப்பே கிட்டத்தட்ட இல்லை! புளிப்பு மட்டும் பளிச்சென்று நிற்கும். எவ்வளவு பழுத்தாலும் புளிப்பை விடாத ரகம் இது. அதனால்தான் வெயில் கொளுத்தும் வருடங்களிலும் பார்பேரா தளர்ந்து போவதில்லை.

இதற்கு ஒரு சோகமான பக்கமும் உண்டு. 1986-இல் மெத்தனால் கலந்த மலிவு ஒயினைக் குடித்து இத்தாலியில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலிவு பார்பேராவின் பெயர் அதில் மிகவும் அடிபட்டது. அதற்குக் கொஞ்சம் முன்பு, 1982 அறுவடையில், ரொக்கேத்தா தானாரோ என்ற ஊரில் ஜாகொமோ பொலோஞ்யா என்பவர் பார்பேராவைச் சின்ன ஃபிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் வைத்துச் செய்த ‘பிரிக்கோ தெல் உச்செல்லோனே’, இந்தத் திராட்சையிலும் உயர்ந்த ஒயின் செய்யலாம் என்று காட்டியிருந்தது. இன்று ஆஸ்தி மாவட்டத்தில் நிட்சா என்ற பகுதிக்கு முழுக்க பார்பேராவிலேயே செய்ய வேண்டும் என்ற தனிச் சட்டம் இருக்கிறது. உங்கள் மாலைக்கு அது வேண்டாம். சாதாரண பார்பேரா தாஸ்தி அல்லது பார்பேரா தால்பா போதும், ஓக் வாசனை ஏறாததாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை எல்லா பாட்டிலுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: புது ஓக் பீப்பாயின் வனிலா வாசனையும் வறுத்த வாசனையும் திராட்சையை மூடிவிடும். ரகங்களை ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால், ‘பெரிய மரத் தொட்டியில் வைத்தது’, ‘ஸ்டீல் தொட்டியில் வைத்தது’ என்று கடைக்காரர் சொல்லும் பாட்டிலை எடுங்கள். விலையும் குறையும்.

பார்பேராவைச் சுவைத்த கையோடு கியாந்தி கிளாசிகோவுக்கு வாருங்கள். கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை இருக்கும். ஃப்ளாரன்சுக்கும் சியெனாவுக்கும் நடுவில் உள்ள மலைகள். 1716-இலேயே டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தே மெதிச்சி எல்லை வரைந்து அறிவித்த இடங்களில் ஒன்று. இதன் திராட்சை சஞ்சோவேசே. நிறம் பார்பேராவைவிட லேசு, ஓரத்தில் செங்கல் சாயல். புளிப்பு கிட்டத்தட்ட அதே அளவு. வித்தியாசம் அடுத்த நொடியில் வரும். ஈறில் ஒரு பிடி, நடுநாக்கில் ஒரு சொரசொரப்பு. பாதி பழுத்த நாவற்பழத்தைக் கடித்த மாதிரி. கூடவே காய்ந்த மூலிகை, தேயிலை, சில சமயம் தக்காளி இலையைக் கசக்கின வாசனை. ‘புளிப்பு மட்டும்’, ‘புளிப்பும் துவர்ப்பும்’ என்ற இரண்டும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டால், மாலையின் பாதிப் பாடம் முடிந்தது.

சஞ்சோவேசே இன்று இவ்வளவு தெளிவாகத் தெரிவது சமீபத்து விஷயம். 1872-இல் பெத்தினோ ரிக்காசோலி, இத்தாலியின் பிரதமராக இரண்டு முறை இருந்தவர், கியாந்திக்கு ஒரு கலவை விகிதத்தை ஒரு கடிதத்தில் எழுதினார். சஞ்சோவேசே முதுகெலும்பு, கனாயோலோ அதன் கடுமையைத் தணிக்க, சீக்கிரம் குடிக்கும் ஒயினாக இருந்தால் மட்டும் மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை கொஞ்சம். 1967-இல் சட்டம் வந்தபோது வெள்ளைத் திராட்சை குறைந்தது 10 சதவீதம் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டார்கள். நீர்த்துப்போன கியாந்தியை வைக்கோல் சுற்றிய குண்டு பாட்டிலில் உலகம் முழுக்க விற்ற காலம் அது. கியாந்தி கிளாசிகோவில் வெள்ளைத் திராட்சைக்கு முழுத் தடை வந்தது 2006 அறுவடையிலிருந்துதான். அந்தத் தடை எப்போதோ வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வாங்கும்போது ரிசெர்வா, கிரான் செலெசியோனே என்ற மேல்தர வகைகளுக்கெல்லாம் போக வேண்டாம். சாதாரண வருடாந்தர பாட்டிலில்தான் திராட்சை நேராகப் பேசும்.

இரண்டாவது ஜோடி எட்னா ரோஸ்ஸோவும் நெபியோலோவும். எனக்கு மிகப் பிடித்தது இதுதான், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பரோலோ பற்றிய பதிலும் இங்கேதான் இருக்கிறது.

இரண்டு கிளாஸையும் வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்துப் பிடியுங்கள். இரண்டும் வெளிறியவை. கிளாஸுக்கு அந்தப் பக்கம் வைத்த எழுத்தைப் படித்துவிடலாம். நெபியோலோவின் ஓரம் மாதுளைச் சாற்றில் கொஞ்சம் ஆரஞ்சு கலந்த மாதிரி, நாலைந்து வயதிலேயே முதுமை காட்டும். காரணம் அந்தத் திராட்சையின் நிறமிகள். மற்றச் சிவப்பு ரகங்களில் நிலைத்து நிற்கும் நிறமி அதிகம். நெபியோலோவில் காற்றுப் பட்டதும் எளிதில் சிதையும் வகை நிறமிகள் அதிகம். தோலில் டானின் குறையவே இல்லை. நிறம் ஓடிவிடுகிறது, துவர்ப்பு நின்றுவிடுகிறது. வெளிறியிருந்தால் லேசான ஒயின் என்ற கணக்கு நெபியோலோவிடம் பலிக்காது.

இப்போது முதல் ஜோடியிலிருந்து பார்பேரா ஒரு மடக்கு மிச்சம் இருந்தால் (கட்டாயம் மிச்சம் வையுங்கள்) அதையும் பக்கத்தில் கொண்டுவாருங்கள். கறுத்த பார்பேரா, வெளிறிய நெபியோலோ. இரண்டும் ஒரே மலைத்தொடர், சில வீடுகளில் ஒரே தோட்டத்தின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும். பார்பேராவை ஒரு வாய் குடியுங்கள்: எச்சில் ஊறும், வாய் வழவழப்பாகவே இருக்கும். நெபியோலோவை ஒரு வாய் குடியுங்கள். முதல் இரண்டு நொடி ஒன்றும் இல்லை. லேசான ரோஜா, ஏதோ சிவப்புப் பழம், அவ்வளவுதான். மூன்றாவது நொடியில் ஈறு இறுகும். ஐந்தாவது நொடியில் கன்னத்தின் உட்புறம் பல்லில் ஒட்டும். துப்பி அரை நிமிடம் ஆன பிறகும் நாக்கு சொரசொரப்பாகவே இருக்கும், அந்தச் சொரசொரப்புக்கு மேலே வாசனை மட்டும் தங்கி நிற்கும். உணவகத்தில் யாராவது பரோலோவைப் பார்த்து முகம் சுளித்தால் இந்த இரண்டு கிளாஸையும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். திரும்பி வரும்போது அவர்களே விளக்கிச் சொல்வார்கள்.

நெபியோலோவின் பெயர் மூடுபனியைக் குறிக்கும் ‘நெபியா’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அக்டோபரில், பரோலோ விளையும் லாங்கே மலைகளில் காலையில் பள்ளத்தாக்கு முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி இருக்கும், மேட்டு ஊர்கள் மட்டும் தீவுகளாகத் தெரியும். துளிர்ப்பதில் முந்தும், பழுப்பதில் பிந்தும் ரகம். அதனால் பனி முதலில் உருகும் தெற்குப் பார்த்த சரிவுகளை இதற்கே கொடுத்துவிடுவார்கள். பார்பேராவுக்கும் டோல்செட்டோ என்ற இன்னொரு ரகத்துக்கும் மிச்ச இடம். பரோலோ என்று பெயர் போட 11 ஊர்களுக்கு உரிமை உண்டு. அறுவடை ஆண்டின் நவம்பரிலிருந்து 38 மாதம் வைத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், 9 மாதம் மரத்தில். அந்த மாதங்களெல்லாம் டானினை வழிக்குக் கொண்டுவரத்தான். பரோலோ ஊர்களில் லா மோர்ரா பக்கத்து மண்ணில் விளைந்தது மூக்குக்கு இதமாகவும், செர்ராலுங்கா பக்கத்தது இறுக்கமாகவும் இருக்கும் என்பது அங்கே எல்லோரும் சொல்வது. என் அனுபவத்திலும் பெரும்பாலும் சரி.

வாசனைக்கு வருவோம். நெபியோலோவுக்குச் சொல்லப்படும் ‘தாரும் ரோஜாவும்’ என்ற ஜோடியை நம்மால் சுலபமாகப் பிடிக்க முடியும். ரோஜா என்றால் கடையில் விற்கும் வாசனையற்ற நீளத்தண்டு ரோஜாவை நினைக்காதீர்கள். மாலையிலிருந்து உதிர்ந்து ஒரு நாள் காய்ந்த பன்னீர் ரோஜா இதழ். தார் என்றால் வெயிலில் புதுச்சாலை போடும்போது தூரத்திலிருந்து வருமே, அது. அதோடு அதிமதுரம். வாயில் போட்டு மென்றால் கடைசியில் நிற்கும் அந்த இனிப்பும் கசப்பும் கலந்த வாசனை பல பரோலோக்களில் எனக்குத் தெளிவாகத் தெரியும்.

உங்கள் பாட்டிலுக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று விஷயம் சேர்ந்திருக்கும்: ஒயின் இளசு, திறந்த உடனே ஊற்றியது, சாப்பிட எதுவும் இல்லாமல் குடித்தது. நாலைந்து வயது பரோலோவை இரண்டு மணி நேரம் முன்பே திறந்து ஒரு அகலக் குடுவையில் ஊற்றி வையுங்கள். மறுபடி பரோலோவில் காசு போட மனம் வராவிட்டால் ‘லாங்கே நெபியோலோ’ என்று போட்ட பாட்டிலை வாங்குங்கள். அதே திராட்சை, அதே மலைகள், குறைந்த காத்திருப்பு, பாதிக்கும் குறைவான விலையில் கிடைப்பது சகஜம்.

பக்கத்து கிளாஸில் இருக்கும் எட்னா ரோஸ்ஸோ, இத்தாலியின் மறு கோடியிலிருந்து வருகிறது. சிசிலியில், இன்றும் குமுறிக்கொண்டிருக்கும் எட்னா எரிமலையின் சரிவுகளில் 1,000 மீட்டர் உயரம்வரை திராட்சை ஏறுகிறது. குறைந்தது 80 சதவீதம் நெரெல்லோ மஸ்கலேசே. எரிமலை மணலில், திராட்சை வேரை அழிக்கும் ஃபிலாக்செரா பூச்சி வாழாது என்பதால் நூறு வயது தாண்டிய, ஒட்டுப் போடாத கொடிகள் இன்னும் அங்கே இருக்கின்றன. புதர் மாதிரி ஒற்றைக் கம்பத்தில் நிற்கும். வடக்கே பியெமொந்தேயின் நெபியோலோவும் தெற்கே சிசிலியின் நெரெல்லோவும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். நாக்கில் பிரிந்துவிடும்: எட்னாவில் துவர்ப்பு மெல்லிசாக, மாவு மாதிரிப் பரவும், புகையும் உப்பும் கலந்த ஒரு சாயல் வரும், முடிவு சீக்கிரம். மரபணுச் சோதனையில் நெரெல்லோ மஸ்கலேசேயின் பெற்றோரில் ஒன்று சஞ்சோவேசே என்று தெரிய வந்திருக்கிறது. முதல் ஜோடியில் குடித்த கியாந்தியின் பிள்ளைதான் இங்கே எரிமலை மேல் நிற்கிறது. அது தெரிந்த பிறகு அந்தப் புளிப்பின் ஜாடை எனக்கு ஒவ்வொரு முறையும் கண்ணில் படுகிறது.

மூன்றாவது ஜோடிக்கு முன்னால் கால் மணி நேரம் நிறுத்துங்கள். துவர்ப்பு சேர்ந்துகொண்டே போகும் சுவை. ஒவ்வொரு வாயிலும் முந்தைய வாயின் மிச்சம் இருக்கும். உப்பில்லாத ரொட்டித் துண்டு, தண்ணீர், கொஞ்சம் பேச்சு. அப்புறம் அல்யானிகோவும் அமரோனேயும்.

இரண்டுமே கனமான ஒயின்கள். கனம் வந்த வழிதான் வேறு. அல்யானிகோ தெற்கு இத்தாலியின் மலை ரகம். கம்பானியாவின் தௌராசியிலும், பசிலிகாத்தாவில் அணைந்த எரிமலையான வூல்தூரேயின் சரிவிலும் விளைகிறது. வெயில் தேசம் என்றாலும் உயரமான இடம். அறுவடை அக்டோபர் கடைசி, சில வருடம் நவம்பர். கொடியிலேயே அவ்வளவு காலம் நின்று பழுத்த ஒயினில் நிறம், புளிப்பு, துவர்ப்பு மூன்றும் உச்சத்தில் இருக்கும். சாம்பல், தோல் செருப்புக்கடை, கறுத்த பழம். இதைத் ‘தெற்கின் பரோலோ’ என்று விற்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்காது. பரோலோவின் ரோஜா இதில் இல்லை, இதன் எரிமலைக் கருமை பரோலோவில் இல்லை. தௌராசி இளசாகக் கிடைத்தால் வாங்காதீர்கள், ஏழெட்டு வயதாவது ஆகட்டும்.

அமரோனேயின் கதை வேறு. வெரோனாவுக்கு மேலே வல்போலிசெல்லா பள்ளத்தாக்குகளில் முக்கியத் திராட்சை கொர்வீனா, துணைக்கு ரொந்தினெல்லாவும் கொர்வினோனேயும். கொர்வீனா இயல்பில் லேசான ரகம். அதிலிருந்து செய்யும் சாதாரண வல்போலிசெல்லா மதியச் சாப்பாட்டுக்கான லேசான சிவப்பு நிற எளிய ஒயின். அதே திராட்சையைப் பறித்து நூறு நாள், நூற்று இருபது நாள் காய வைத்துப் பிழிந்தால் அமரோனே.

ஒரு டிசம்பரில் அப்படிக் காய வைக்கும் மாடி ஒன்றுக்குள் போயிருக்கிறேன். கூரைக்குக் கீழே நீளமான அறை. மூங்கில் தட்டுகளும் மரப்பெட்டிகளும் ஆள் உயரத்துக்கு அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரிசைக் கொத்து, ஒன்றின் மேல் ஒன்று படாமல். எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்தன. மலைக்காற்று உள்ளே நுழைந்து பெட்டிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. ஈரக்காற்று வரும் நாளில் ஜன்னலைச் சாத்தி மின்விசிறி போட்டுவிடுவார்களாம், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து, கெட்டுப்போன மணியைச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டிக் கீழே போட்டுக்கொண்டே போனார். எனக்கு ஒரு மணியைக் கொடுத்தார். தோல் சுருங்கி, உலர் திராட்சைக்கும் பழத்துக்கும் நடுவில் இருந்தது. கடித்தபோது முதலில் தேன், பிறகு புளிப்பு, கடைசியில் தோலின் கசப்பு. அறை முழுக்கப் பேரீச்சையும் வைக்கோலும் கலந்த வாசம். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீராகவே காற்றில் போய்விடுகிறது. சர்க்கரை செறிந்து, அது நொதித்து ஆல்கஹாலாகி, 15, 16 சதவீதம்வரை போகிறது. சட்டப்படி 14-க்குக் குறையக் கூடாது.

‘அமாரோ’ என்றால் கசப்பு. இதே உலர்ந்த திராட்சையில் செய்யும் பழைய ஒயின் ரெச்சோத்தோ இனிப்பானது. அது நொதிப்பதை நிறுத்தாமல் விட்டால் சர்க்கரை முழுக்கக் கரைந்து கசப்பு மேலே வரும். அந்தக் கசந்த ரெச்சோத்தோதான் அமரோனே. கிளாஸில் அத்தி, கொக்கோ, ஊறவைத்த செர்ரி எல்லாம் இருக்கும், துவர்ப்பு பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். அல்யானிகோவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்று கல், ஒன்று மெத்தை. முதல் வாய் அமரோனேயைப் போல அசத்தும் ஒயின் குறைவு. இரண்டாவது கிளாஸ் எனக்கு வேண்டியிருப்பதில்லை. பாலாடைக்கட்டித் துண்டோடு இரவு கடைசியில் கொஞ்சம் குடிக்கச் சரி.

விட்டுப்போனவை பற்றிச் சுருக்கமாக. பூலியாவின் பிரிமிதீவோவும் கலிஃபோர்னியாவின் சின்ஃபான்டெலும் ஒரே திராட்சை. குரோவேஷியாவில் அதன் பூர்வீகக் கொடியை 2001-இல் மரபணுச் சோதனையால் கண்டுபிடித்தார்கள். பழச்சுவை அதிகம், துவர்ப்பு குறைவு. புதிதாகக் குடிப்பவர்களுக்குப் பிடிக்கும், ஒப்பீட்டில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. சிசிலியின் நேரோ தாவோலாவும் ஏறக்குறைய அப்படித்தான். உம்ப்ரியாவின் சக்ரந்தீனோ துவர்ப்பில் எல்லோரையும் மிஞ்சும். அதை அடுத்த மாலைக்கு வையுங்கள், இந்த மேசையில் வைத்தால் மற்ற ஐந்தையும் விழுங்கிவிடும்.

இனி ஏற்பாடு. ஒயினை ‘அறை வெப்பத்தில்’ பரிமாறு என்ற பழைய விதி ஐரோப்பியக் குளிர் வீடுகளுக்குச் சொன்னது. உங்கள் அறை 28, 30 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். எல்லா பாட்டிலையும் முன்கூட்டியே ஃபிரிட்ஜில் வைத்து, 16 முதல் 18 டிகிரிக்குள் ஊற்றுங்கள். ரொம்பக் குளிர்ந்தாலும் துவர்ப்பு முரடாகிவிடும். கிளாஸ் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். வடிவம் மாறினால் வாசனை மாறும், எதை ஒப்பிடுகிறோம் என்றே தெரியாமல் போகும். ஒரு தடவைக்கு 50 மில்லி ஊற்றினால் போதும். ஆறு பேருக்கு இரண்டு சுற்றுக்கு 600 மில்லி. பாட்டிலில் 150 மில்லி மிச்சம் இருக்கும், அதைக் கொட்டிவிடாதீர்கள். கணக்குப் பாருங்கள்: முழுக்க விழுங்கினால் ஆளுக்கு 600 மில்லி ஆகிவிடும், நான்காவது ஒயினுக்கு மேல் நாக்கு வேலை செய்யாது. முதல் சுற்றில் துப்புங்கள். மேசையில் ஒரு பெரிய கூஜா வைத்துவிட்டால் கூச்சம் பத்து நிமிடத்தில் போய்விடும். வண்டி யாரும் ஓட்ட வேண்டாம்.

பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெயர் தெரியாமல் சுவைக்க வேண்டும் என்று சொல்வார்கள். முதல்முறைக்கு அதை நான் சொல்ல மாட்டேன். பெயரும் சுவையும் சேர்ந்து மனதில் பதிய வேண்டியது இந்த மாலையில்தான். அடுத்த மாதம் இதே ஆறையும் மூடி வைத்துக் கண்டுபிடியுங்கள்.

திறந்ததும் ஒவ்வொரு பாட்டிலையும் ஒருவர் மட்டும் முதலில் மோந்து பாருங்கள். ஒருமுறை நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து புருனெல்லோ சுவைத்தபோது, ஒரு பாட்டிலில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தது, பழமே இல்லை. புதிதாக வந்திருந்த இரண்டு பேர் ‘சஞ்சோவேசே என்றால் இப்படித்தான் மணக்கும்போல’ என்று குறித்துக்கொண்டார்கள். அது கார்க்கிலிருந்து வரும் கெடுதல். திராட்சைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் அதை ஊற்றுவதற்கு முன்பே பிடித்திருக்க வேண்டும். அப்படி வந்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள், நல்ல கடை மாற்றித் தரும்.

இரண்டாவது சுற்று சாப்பாட்டோடு. இங்கேதான் அந்தத் தேநீர் விஷயம். நல்ல முதிர்ந்த பார்மிஜானோ பாலாடைக்கட்டி ஒரு துண்டை மென்று, வாயில் அது இருக்கும்போதே நெபியோலோவைக் குடியுங்கள். டானின் பாலாடைக்கட்டியின் புரதத்தைப் பிடிக்கப் போய்விடும், ஈறு இறுகாது, ரோஜா மேலே வரும். பியெமொந்தேக்காரர்கள் பரோலோவோடு வெண்ணெய் சொட்டும் ‘தயரின்’ என்ற நூடுல்ஸும் நெடுநேரம் வேகவைத்த மாட்டிறைச்சியும் வைப்பதற்கு இதுவே காரணம். தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தா கியாந்திக்கு. தக்காளியின் புளிப்புக்கு ஒயினிலும் புளிப்பு வேண்டும், அமரோனேயை அதோடு குடித்தால் தட்டையாகத் தெரியும். நம் வீட்டுக் காரமான மட்டன் வறுவல் வைக்கப் போகிறீர்கள் என்றால் அல்யானிகோவைத் தள்ளி வையுங்கள். மிளகாய்க் காரத்தோடு துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் எரியும். வறுவலுக்கு பார்பேராதான், கொஞ்சம் கூடுதலாகக் குளிர வைத்து.

மிச்சமிருக்கும் 150 மில்லிகளை கார்க்கை அடைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் மாலை அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, அதே வரிசையில் ஒரு தடவை சுவைத்துப் பாருங்கள். பார்பேரா கொஞ்சம் மங்கியிருக்கும். அமரோனே ஏறக்குறைய அப்படியே இருக்கும். நெபியோலோவை மட்டும் மூன்றாம் நாளுக்கும் ஒரு வாய் விட்டு வையுங்கள். முதல் நாள் ஈறைப் பிடித்த அதே ஒயினில், கிளாஸை மூக்கருகே கொண்டு போகும்போதே காய்ந்த பன்னீர் ரோஜா வரும்.